சுகர் மாத்திரை வாங்குற இடத்துலேயே மனசுக்கும் மருந்து: ஒரு சின்ன வரலாறும் எங்க பெரியக்கா கதையும்



போன மாதம் முல்லைப் பெரியாறு அணை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "சார், வகுப்பில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது" என்று பலர் சொன்னீர்கள். அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன். இதுவும் வரலாறுதான், ஆனால் பாடப் புத்தகத்தில் இல்லாதது. கொஞ்சம் நீளம். ராத்திரி சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் பலருக்கு எங்கள் பெரியக்காவைத் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டுக்கு டியூஷனுக்கு வந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. காரணம், நான் அவளைக் காட்டவில்லை. வீட்டின் பின்கட்டில், மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் அவள் இருந்தாள். யாராவது கேட்டால், "அக்காவுக்கு மூட்டு வலி, எழுந்து வர முடியாது" என்று சொல்வேன். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பொய்யைச் சொன்னேன். வகுப்பில் உங்களுக்கு அரிச்சந்திரன் கதை சொன்னவனும் நானேதான்.

1974-ல் அக்காவுக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்தது. பத்து நாள் கழித்துத் தூக்கம் போனது. பிறகு பேச்சு மாறியது. பிள்ளையைத் தூக்க மறுத்தாள். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ராத்திரியில் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் எழுந்து போய்விடுவாள். காத்து கருப்பு என்றார்கள். கோடாங்கி வந்தார், உடுக்கை அடித்தார். மந்திரித்த கயிறு கையில் ஏறியது. ஒரு டாக்டரிடமும் கூட்டிப்போனோம். அவர் ரத்தம் கம்மி என்று சத்து ஊசி போட்டு அனுப்பினார். ஆறு மாதத்தில் மச்சான் வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ரெண்டு பிள்ளைகளையும் எங்கள் அம்மாதான் வளர்த்தது.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். அக்காவுக்கு வந்தது போன்ற நோய்க்கான முதல் மாத்திரை குளோர்புரோமசின். 1952-ல் பாரிஸ் நகரத்தில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருடங்களில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ஆக 1974-ல் மருந்து இருந்தது. மதுரைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும். எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் அக்காவை நாங்கள் மதுரைக்குக் கூட்டிப்போனது 2001-ல். அந்த நூறு கிலோமீட்டரைக் கடக்க எங்கள் குடும்பத்துக்கு 27 வருடம் ஆனது. ஏன் என்பதற்கு நான் கண்டுபிடித்த விடைதான் இந்தப் பதிவு.

நம் நாட்டில் மனநோய்க்கு ஆரம்பத்திலிருந்தே தனிக் கட்டடம், தனிச் சுவர், தனிக் கதவு. சென்னையில் 1794-ல் வாலன்டைன் கனோலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஒரு காப்பகம் ஆரம்பித்தார். அது 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இன்றைக்கும் ஒரு வாக்குவாதம் வந்தால் "கீழ்ப்பாக்கத்துலருந்து வந்தவனா?" என்று கேட்கிறோம் இல்லையா, அதே இடம்தான். வெள்ளைக்காரன் 1912-ல் போட்ட பைத்தியச் சட்டம், இவர்களை வைத்தியம் பார்க்க வேண்டியவர்களாக அல்ல, அடைத்துவைக்க வேண்டியவர்களாகவே பார்த்தது. அந்தச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டு நீடித்தது.

1946-ல் போர் கமிட்டி அறிக்கை வந்தது. இன்றைக்கு நம்ம ஊரில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அஸ்திவாரம் போட்ட அறிக்கை அது. அதில் மனநல ஆஸ்பத்திரி பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு படுக்கை, இந்தியாவில் சுமார் 40,000 பேருக்கு ஒரு படுக்கை. கட்டடம் கட்டியே சமாளிப்பது என்றால் எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சுவருக்கு உள்ளேயே மாற்றம் கொண்டுவந்தவர்களும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1957-ல் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்று வைத்தார்கள். அடைத்துப்போட்டுவிட்டு வருவதல்ல, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வீட்டாரும் கற்றுக்கொண்டு போக வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் அந்த அம்மாதான். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்காமல் 1984-ல் ஸ்கார்ஃப் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

ஆனால் பெரிய யோசனை வேறு இடத்தில் பிறந்தது. 1975-ஐ ஒட்டி ரெண்டு இடத்தில் ஒரு சோதனை நடந்தது. ஒன்று சண்டிகர் டாக்டர்கள் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணி என்ற கிராமப் பகுதியில் செய்தது. இன்னொன்று பெங்களூரு நிம்ஹான்ஸ் டாக்டர்கள் பக்கத்தில் சக்கலவாரா கிராமத்தில் செய்தது. அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: காய்ச்சலுக்கும் பேதிக்கும் மருந்து கொடுக்கும் சாதாரண டாக்டருக்கும், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளருக்கும் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால், மனநோயைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்க்க முடியாதா? முடியும் என்று தெரிந்தது.

அதை வைத்து 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. காகிதத்தில் நல்ல திட்டம். ஒரு மாவட்டம் முழுக்க இதைச் செய்து காட்டியது கர்நாடகத்தின் பெல்லாரி. 1985 முதல் 1990 வரை, சுமார் 20 லட்சம் ஜனத்தொகை உள்ள அந்த மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் வழிகாட்டியது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முக்கியமான நாலைந்து மாத்திரைகளை அங்கேயே இருப்பு வைத்தார்கள். பதிவேட்டைச் சுலபமாக்கினார்கள். மாதம் ஒரு முறை மேலே இருப்பவர்கள் பார்த்துச் சரி செய்தார்கள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, இவ்வளவுதான்.

அந்த பெல்லாரி மாதிரியை வைத்து 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. முதலில் நாட்டில் நாலே மாவட்டம். அதில் ஒன்று நம் திருச்சி. அதே 1996-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்து நம் தேனி தனி மாவட்டமானது. புது மாவட்டம் வந்த சந்தோஷத்தில் பள்ளியில் மிட்டாய் கொடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் அக்கா பின்கட்டில்தான் இருந்தாள்.

பிறகு ஏர்வாடி.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் பேப்பரில் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். எல்லோரும் "அட பாவிகளா, மனுசனையா கட்டிப் போடுவாங்க?" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் எனக்குக் கை நடுங்கியது. அதற்கு முந்தின தை மாதம் அறுப்புக்கு எல்லோரும் வயலுக்குப் போன நாளில், அக்கா வெளியே போய்விடக் கூடாதென்று அம்மாவின் பழைய சேலையால் அவள் காலைக் கட்டில் காலோடு கட்டிவிட்டுப் போனோம். முடிச்சுப் போட்டது நான்.

அந்த வாரமே லீவு போட்டு அக்காவை மதுரைக்குக் கூட்டிப்போனேன். காலை 4 மணி பஸ். மூணே மாதத்தில் அவள் ராத்திரி தூங்கினாள். ஐந்தாவது மாதம் அடுப்படிக்கு வந்து, "தம்பி, காபி குடிக்கிறியா?" என்று கேட்டாள். 27 வருடம் கழித்து. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. மாதா மாதம் மதுரைக்குப் போக வேண்டும். எனக்கு ஒரு நாள் லீவு, ரெண்டு பேருக்கும் பஸ் செலவு, வரிசை, வீடு திரும்ப ராத்திரி. மார்ச்சில் பொதுத் தேர்வு வேலை. "அதான் நல்லா இருக்காளே, அடுத்த மாசம் போய்க்கலாம்" என்று விட்டேன். அடுத்த மாதமும் விட்டேன். சித்திரையில் அக்கா மறுபடியும் பழையபடி ஆனாள். மருந்து தோற்கவில்லை, நான் பஸ் ஏறவில்லை.

மாவட்ட மனநலத் திட்டம் நம் தேனிக்கும் வந்தது. 2004-ல் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. எங்களுக்கு ஏற்பட்ட பெரிய மாற்றம் என்ன தெரியுமா? குறிப்பிட்ட நாளில் மனநல டாக்டர் பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஓ.பி. சீட்டு எழுதும் அதே ஜன்னல், அதே பெஞ்ச். பக்கத்தில் ஒருவர் பிரஷர் மாத்திரைக்கு உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்திருப்பார். அக்கா எதற்கு வந்திருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு லீவு தேவைப்படவில்லை. காலையில் அவளே போய் வாங்கி வந்துவிடுவாள். அதன் பிறகு ஒரு மாதம்கூட மருந்து விடவில்லை. 2016-ல் நெஞ்சு வலியில் இறந்தாள். இறப்பதற்கு முந்தின வருடம் பேத்தி கல்யாணத்தில் மணமேடைப் பக்கத்தில் நின்று தாம்பூலம் கொடுத்தாள். அந்தப் போட்டோ என் மேஜையில் இருக்கிறது.

இப்போது என் கதை. இதை எழுதத்தான் ரொம்ப யோசித்தேன்.

2020-ல் உங்கள் டீச்சரம்மா, என் மனைவி, போய்ச் சேர்ந்தார். எனக்குச் சுகர் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பிறகு 300-க்குக் கீழே இறங்கவே இல்லை. நான் காட்டிய இடத்தில் மாத்திரையைக் கூட்டினார்கள், பிறகு ஊசிக்கு மாற்றினார்கள். "சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்லையா சார்?" என்று கேட்டார்கள். யாரும் "தூங்குறீங்களா?" என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உண்மை என்னவென்றால் சாப்பாடும் இல்லை, மாத்திரையும் இல்லை, ஊசியும் பாதி நாள் இல்லை. காலையில் எழுந்து பல் தேய்ப்பதே மலை ஏறுவது மாதிரி இருந்தது. பேப்பர் படிக்கவில்லை. பேரன் வீடியோ காலில் வந்தால், "தாத்தா தூங்குறேன்னு சொல்லு" என்பேன். அக்காவை 40 வருடம் பக்கத்தில் பார்த்தவனுக்கு, தனக்கு வந்தது என்ன என்று தெரியவில்லை.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்தார்கள். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். எங்கள் தெருவுக்கு வந்த தன்னார்வலர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண். வரலாற்றில் 38 மார்க் எடுத்தவள். நான்தான் திட்டியிருக்கிறேன். அவள் ஒரு நாள் மாத்திரை கொடுக்க வந்தவள், அலமாரியைத் திறந்து பார்த்தாள். போன மாத அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதற்கு முந்தின மாத அட்டையும் இருந்தது. "ஏன் சாப்பிடல?" என்று அதட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, "சார், மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அழுதேன்.

அவள் நர்சம்மாவிடம் சொல்லி, நர்சம்மா டாக்டரிடம் சொல்லி, அதே சுகர் வரிசையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சில கேள்விகள் கேட்டார்கள். ரெண்டு வாரமாக எதிலும் ஆர்வம் இல்லையா, மனசு சோர்வாக இருக்கிறதா, தூக்கம், பசி, களைப்பு, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறதா. எல்லாவற்றுக்கும் ஆமாம். வாரத்தில் ஒரு நாள் வரும் மனநல டாக்டர் பார்த்து ஒரு சின்ன மாத்திரை எழுதினார். ஆலோசகர் ஒருவர் மாதம் ரெண்டு முறை பேசினார். ஐந்து மாதத்தில் சுகரின் மூணு மாதச் சராசரி 11-லிருந்து 7.4-க்கு வந்தது. சுகருக்கு ஒரு புது மருந்துகூடச் சேர்க்கவில்லை. இருந்த மருந்தை நான் சாப்பிட ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயமோ என்று நினைத்துத் தேடிப் படித்தேன். வாத்தியார் புத்தி போகுமா? அமெரிக்காவில் 2002-ல் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது. 18 மருத்துவ மையங்கள், மனச்சோர்வு உள்ள 1,801 முதியவர்கள். பாதிப் பேருக்கு அவர்களுடைய வழக்கமான டாக்டரிடமே, ஒரு ஒருங்கிணைப்பாளரையும் மனநல டாக்டரின் ஆலோசனையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 45 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தன. வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்களில் அது 19 சதவீதம்தான்.

"அது அமெரிக்கா சார்" என்பீர்கள். சரி, நம் நாட்டுக்கு வருவோம். சென்னை உட்பட நாலு ஊர்களில் இருக்கும் சுகர் கிளினிக்குகளில், சுகரும் மனச்சோர்வும் சேர்ந்து இருந்த 404 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். டாக்டர் அல்லாத ஒரு ஒருங்கிணைப்பாளர் நோயாளிகளோடு தொடர்ந்து பேசுவார். சுகர் நிபுணரும் மனநல நிபுணரும் அவரோடு உட்கார்ந்து, யார் தேறவில்லை என்று பார்த்து, வைத்தியம் பார்க்கும் டாக்டருக்கு யோசனை சொல்வார்கள். ரெண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் 71.6 சதவீதம். வழக்கமான வைத்தியத்தில் 57.4 சதவீதம். வழக்கமான வைத்தியத்திலும் பாதிக்கு மேல் தேறியிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நடுவில் இருக்கும் அந்த 14 பேரில் ஒருவன் நான்.

நம்பிக்கையை விட்டுவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஏர்வாடி தர்காவிலேயே இப்போது துவாவும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்குபவர்களுக்கு மனநல டாக்டரும் உண்டு. சாமி கும்பிடுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள். எங்கள் அம்மா ரெண்டையும் செய்தது.

சட்டமும் மாறிவிட்டது. 2017-ல் வந்து 2018-ல் நடைமுறையான மனநலப் பராமரிப்புச் சட்டப்படி வைத்தியம் பெறுவது உரிமை. சங்கிலியால் கட்டுவது குற்றம். உயிரை விட முயன்றவரைக் குற்றவாளியாக அல்ல, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகப் பார்க்க வேண்டும் என்கிறது. ஆனால் 2015-16-ல் நம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய கணக்கெடுப்பில், பெரியவர்களில் 100-க்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் எந்த வைத்தியமும் பெறவில்லை. சட்டம் டெல்லியிலிருந்து கிளம்பினாலும் கூடலூர் வந்து சேர நாளாகும். அந்தத் தூரத்தை யார் குறைப்பது?

நீங்கள்தான். இதைப் படிப்பவர்களில் நர்சுகள் இருக்கிறீர்கள், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், லேப்பில் வேலை பார்ப்பவர்கள், அங்கன்வாடி டீச்சர்கள், ரெண்டு பேர் டாக்டர்களாகவே இருக்கிறீர்கள். "உடம்பெல்லாம் எரியுது, நெஞ்சு படபடங்குது, அசதியா இருக்கு" என்று ஒரு அம்மா நாலாவது தடவை வந்து நின்றால், இன்னொரு சத்து ஊசி போடுவதற்கு முன்னால் "தூங்குறீங்களாம்மா?" என்று கேளுங்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் குழந்தையை மட்டும் கொஞ்சிவிட்டு வராதீர்கள், தாயின் முகத்தையும் பாருங்கள். மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வரும் பெண்களின் வீட்டில் யார் சத்தமில்லாமல் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் பூச்சி மருந்தை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே பூட்டி வையுங்கள், சாவியை ஒருவரே வைத்திருங்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியக்காவுக்கு மூட்டு வலி இல்லை. அவளுக்கு வந்தது நோய். நமக்கு இருந்தது வெட்கம். அவள் பெண்ணும் பையனும் இதைப் படிப்பார்கள். மாப்பிள்ளை, தங்கம், இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன்: உங்கள் அம்மா உங்களை வேண்டாம் என்று தள்ளவில்லை. நோய் தள்ளியது. நாங்கள் சீக்கிரம் பஸ் ஏறியிருந்தால் உங்களை அவளே வளர்த்திருப்பாள். மாமாவை மன்னித்துக்கொள்ளுங்கள்.

யாருக்காவது ராத்திரியில் பாரமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, 2022-லிருந்து இருக்கிறது, காசு இல்லை, எந்நேரமும் தமிழிலும் பேசலாம். 104-ம் உண்டு. எனக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன். இப்போதெல்லாம் நான் ஒன்பதரைக்கே தூங்கிவிடுகிறேன், ஆனாலும் எழுந்து எடுப்பேன்.

அந்த 38 மார்க் பெண் இதையும் படிப்பாள். அம்மா, அன்றைக்குத் திட்டியதற்கு இன்றைக்குச் சேர்த்துப் போடுகிறேன்: 100-க்கு 100.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்